ஒரு காந்தாரத்தின் கதை: மதுரை நாட்குறிப்பு

2024 நவம்பர் 24, ஞாயிறு

எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் கேரல் ஆராதனைக்கான பயிற்சி இன்று மாலை தொடங்கியது. முதல் பாட்டு, மிகாயேல் பிரிட்டோரியஸ் 1609இல் நான்கு குரலுக்கு அமைத்த பழைய ஜெர்மானியக் கிறிஸ்துமஸ் பாட்டு. சொற்கள் மட்டும் தமிழில். இரண்டாம் சரணத்தின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. கீபோர்டு நின்றாலும் நாங்கள் நிற்கவில்லை. இருட்டில் பாடும்போது பக்கத்தில் இருப்பவரின் மூச்சுகூடக் காதில் விழுகிறது. இத்தனை வருடங்களில் எங்கள் குழு இவ்வளவு இணைந்து பாடி நான் கேட்டதில்லை என்றே நினைத்தேன். மின்சாரம் திரும்பியதும் கீபோர்டு வாசிக்கும் தம்பி அதே இடத்தில் வந்து சேர்ந்துகொண்டார். மறுகணம் எல்லோருடைய முகமும் சுளித்தது. நாங்கள் ஏறக்குறைய அரைச் சுரம் கீழே இறங்கியிருந்தோம்.

"ஆல்ட்டோ பக்கம் சுருதி இறங்குது, கவனிங்கம்மா" என்றார் மாஸ்டர். பெண்குரல்களில் தாழ்ந்த குரலான ஆல்ட்டோவில் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் தரையைப் பார்த்தோம்.

நவம்பர் 26, செவ்வாய்

குற்றம் எங்களுடையதுதானா என்று பார்க்கப் பாட்டின் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் குழுவில் பெரியவர்கள் பலருக்கு ஐந்து கோட்டு இசைக்குறி தெரியாது; சுரங்களை டோ, ரே, மி என்று எழுத்துகளால் குறிக்கும் சோல்ஃபாதான் தெரியும். சிறிய எழுத்துகளும் முக்காற்புள்ளிகளுமாக இருக்கும் அந்தத் தாள், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பேருந்து நேர அட்டவணை போலத் தோன்றுகிறதாம். இந்த முறைக்கு அடிப்படை போட்டவர் இங்கிலாந்தின் நாரிச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர். அதைத் திருத்தி 1840களிலிருந்து உலகெங்கும் பரப்பியவர் ஜான் கர்வென் என்ற போதகர். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் மாபெரும் ஆண்குரல் பாடகர் குழுக்களாகத் திரண்டதற்கு இந்தத் தாள்கள் ஒரு முக்கியக் காரணம். 1897இல் ஜோஹானஸ்பர்கின் மிஷன் பள்ளி ஆசிரியர் ஏனாக் சொன்டோங்கா, பின்னாளில் தென்னாப்பிரிக்கத் தேசிய கீதத்தின் முதற்பகுதியாக அமைந்த தம் பாடலை எழுதியதும் சோல்ஃபாவில்தான். கோட்டு இசைக்குறியை அச்சிட வசதியில்லாத இடத்திலும், சாதாரண எழுத்துகளைக் கோக்கத் தெரிந்த எந்த அச்சகமும் ஒரு பாடகர் குழுவை உருவாக்கிவிட முடிந்தது.

தாளில் நான் கண்டது ஒன்றுதான். அந்தப் பாட்டில் ஆல்ட்டோவின் முதல் எழுத்தே 'மி'. ஆண்களின் தாழ்ந்த குரலான பேஸ் 'டோ'வில் நிற்க, பெண்களின் உயர்ந்த குரலான சொப்ரானோ 'சோ'வில் நிற்க, நடுவே 'மி'யைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நிற்கிறோம். நம் கணக்கில் சொன்னால் சட்ஜத்துக்கும் (ச) பஞ்சமத்துக்கும் (ப) நடுவே அந்தர காந்தாரம் (க).

நவம்பர் 29, வெள்ளி

பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுப்பவளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இயற்கையான அந்தர காந்தாரம் சட்ஜத்துக்கு 5:4 என்ற விகிதத்தில் நிற்கிறது. ஒரு சட்ஜத்திலிருந்து அடுத்த சட்ஜம் வரையுள்ள ஆக்டேவை 1200 சென்ட்டாகப் பிரித்தால் அது 386ஆம் சென்ட்டில் விழுகிறது. கீபோர்டிலோ ஆக்டேவைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டி வைத்திருப்பதால் அதே சுரம் 400இல் இருக்கிறது. வித்தியாசம் 14 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. கீபோர்டு ஒலிக்கும்வரை எங்கள் 'மி' மேலே இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அது நின்றதும், கட்டை அவிழ்த்த கன்றுபோலத் தன் இடத்துக்குப் போய்விடுகிறது.

மாலையில் அடுத்த வீட்டு வீணை மாமியிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் தம்புராவை மீட்டிவிட்டு, "கேளு" என்றார். அதன் தந்திகளில் காந்தாரம் கிடையாது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் மெல்லிய நூல்போல ஒரு காந்தாரம் எழுந்தது. "ஸ்வயம்பு காந்தாரம். நாம வைக்கிறது இல்ல, தானா வர்றது" என்றார். தந்தி அதிரும்போது அதன் அடிச்சுரத்தைப்போல ஐந்து மடங்கு வேகத்தில் அதிரும் மேற்சுரமாகப் பிறப்பது அது. கீபோர்டின் 'மி'யோடு ஒப்பிட்டால் அது தாழ்ந்துதான் ஒலிக்கும்.

ஆனால் 14 சென்ட்டைக் கொண்டு அரைச் சுரச் சரிவு முழுவதற்கும் கணக்குக் காட்ட முடியாது. அதற்கான பதில் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியிலேயே கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு தாவலையும் சுத்தமான விகிதத்தில் பாடிக்கொண்டே போனால், சில வகைச் சுர வரிசைகளில், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்போது 22 சென்ட் கீழே வந்து சேர்வோம் என்று பெனெடெட்டி என்ற கணித அறிஞர் காட்டியிருக்கிறார். நான்கைந்து சுற்று சுற்றினால் போதும். இதை எங்கள் மாஸ்டரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூச்சுக் குறைவும் தூக்கக் கலக்கமும் சேர்ந்து இழுத்ததையும் மறைக்க முடியாதே.

டிசம்பர் 3, செவ்வாய்

சார்டீனியத் தீவின் காஸ்டெல்சார்டோ என்ற ஊரில், புனித வாரத்தில் பாடும் சபைச் சகோதரர்களின் ஒலிப்பதிவை இரவு முழுக்கக் கேட்டேன். பாடுபவர்கள் நான்கே ஆண்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, தோளோடு தோள் நெருங்கி வட்டமாக நிற்பார்கள். நான்கு குரலும் சரியாக ஒட்டினால், யாரும் பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேலே பெண்குரல்போல ஒலிக்கும். அதற்குக் 'குவின்டினா' என்று பெயர். அது மாதாவின் குரல் என்பது அவ்வூரார் நம்பிக்கை. நான்கு தொண்டைகளின் மேற்சுரங்கள் ஓரிடத்தில் குவிவதால் அது பிறக்கிறது என்பது ஒலியியல் தரும் விளக்கம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வீணை மாமியின் தம்புராவும் இதைத்தானே செய்தது?

அமெரிக்காவின் பார்பர்ஷாப் நால்வர் குழுக்களும் இதே சங்கதிக்காகவே உழைக்கிறார்கள். கறுப்பின மக்களிடையே வேர்விட்ட அந்தப் பாடுமுறையில், ஒத்திசைவு 'மணியடிக்க' வேண்டும் என்பார்கள். பக்க வாத்தியம் வைத்துக்கொள்ளமாட்டார்கள். ஏன் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

டிசம்பர் 7, சனி

ஜார்ஜியா நாட்டு மூன்று குரல் பாட்டு. கிழக்குப் பகுதியான காகேட்டியின் விருந்துப் பாட்டுகளில் இரண்டு பேர் மேலே மாறி மாறிச் சுற்ற, மற்ற அனைவரும் 'பானி' என்ற ஒற்றை அடிச்சுரத்தைப் பிடித்து நிற்கிறார்கள். கேட்டவுடன் நாயனக்காரர் பக்கத்தில் கன்னம் உப்பி உட்கார்ந்திருக்கும் ஒத்துக்காரர் நினைவுக்கு வந்தார். அங்கே ஒரு மேசை முழுக்க ஒத்துக்காரர்கள். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் இவ்வகைப் பாட்டான 'சக்ருலோ'வும் இருக்கிறது. அவர்களுடைய காந்தாரம் கீபோர்டிலும் அடங்கவில்லை, தம்புராவிலும் அடங்கவில்லை. இரண்டுக்கும் வெளியே எங்கேயோ நிற்கிறது. என் கணக்கு இங்கே உதவவில்லை. பல்கேரியப் பெண்களோ அடுத்தடுத்த சுரங்களை வேண்டுமென்றே உரசவிட்டு, அந்த அதிர்வையே அழகாக்குகிறார்கள். எங்கள் ஆலயத்தில் அப்படிப் பாடினால் போதகரான ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு ஜெபிக்கத் தொடங்கிவிடுவார்.

டிசம்பர் 8, ஞாயிறு

பயிற்சி. ஆண்களின் உயர்ந்த குரலான டெனரில் இரண்டு பேர் வரவில்லை. எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை. எதிர்வரிசை வீடுகளில் அகல்விளக்குகளைக் காற்று அணைக்க அணைக்க ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தோனியாவின் பாட்டுத் திருவிழாவைப் பற்றிப் படித்தேன். 1869இல் டார்ட்டு நகரில் தொடங்கியது. இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தலைநகர் டாலினில், 1960இல் கட்டிய பெரிய வளைவுக் கூரையின்கீழ் நடக்கிறது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பாடுகிறார்கள். சோவியத் ஆட்சிக் காலத்தில், எர்னெசாக்ஸ் இசையமைத்த தாய்நாட்டுப் பாட்டுதான் அந்த மக்களுக்கு மறைமுகத் தேசிய கீதமாக இருந்தது; 1980களின் இறுதியில் பாடியே விடுதலை கேட்டார்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம்மை எட்ட ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி ஆகிவிடுகிறது. ஆகவே அத்தனை பெரிய கூட்டத்தில் காதை நம்பிப் பாட முடியாது. நடத்துபவரின் கையை நம்பித்தான் பாடவேண்டும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது 'கோவிந்தா' கோஷம் வடகரையிலிருந்து தென்கரைக்கு அலையலையாக வந்து சேருவதைக் கேட்டவர்களுக்கு இந்தத் தாமதத்தை விளக்கவே வேண்டாம்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. விடியுமுன் பஜனைக் குழு தெருவில் பாடிக்கொண்டு போனது. முன்னால் செல்பவர் ஓர் அடி பாட, பின்னால் வருபவர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே மெட்டு. நம் மரபில் கூட்டுப் பாட்டு என்றால் பெரும்பாலும் இதுதான். கீர்த்தனைகளையும் நாங்கள் அப்படியே பாடுகிறோம், அங்கே ஆல்ட்டோவுக்கு வேலை இல்லை.

ஆனால் படுக்கையில் கிடந்தபடியே சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையை நினைத்துக்கொண்டேன். இதே மதுரையின் புறஞ்சேரியில், தீய சகுனங்களைக் கண்டு அஞ்சிய மாதரி ஏழு ஆயர் பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையே அவர்களுக்குச் சூட்டுகிறாள். கண்ணனாகக் குரல் நிற்கிறாள், பலராமனாக இளி நிற்கிறாள், நப்பின்னையாகத் துத்தம் நிற்கிறாள். கைக்கிளை என்பது நம் காந்தாரம். அவளுக்குத் தெய்வ வேடம் எதுவும் கிடைக்கவில்லை. வட்டத்தில் ஓரிடம் மட்டும் கிடைத்தது. ஆல்ட்டோ.

டிசம்பர் 21, சனி

கடைசிப் பயிற்சி. துணிந்து மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன்: "சார், அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கீபோர்டு வேண்டாம். சுருதி வாங்கிக்கிட்டு நாங்களே பாடிடறோம். இறங்கினாலும் எல்லாரும் சேர்ந்துதானே இறங்குவோம், மோதாது." தம்புராவையும் பெனெடெட்டியையும் சொல்லவில்லை. அவர் வெகு நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வரிசையை மாற்றினார். பேஸ் நடுவிலும் அவர்களை ஒட்டி ஆல்ட்டோவும் நிற்கும்படி வட்டமாக்கினார். பேஸ் அண்ணன்களின் 'டோ' முதுகெலும்பில் ஏறியது. அதன்மேல் 'மி'யை வைப்பதற்கு முயற்சியே தேவைப்படவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

பாடினோம். மூன்றாம் சரணத்தில் ஆலயத்தின் ஓட்டுக் கூரைக்கு அருகே ஏதோ ஒன்று ஒலித்ததாக எனக்குப் பட்டது. பக்கத்தில் நின்ற அக்காவும் தலையை நிமிர்த்திப் பார்த்தார். வெளியே போன வண்டியின் ஹாரனாகவும் இருக்கலாம்.

முடிந்தபின் கீபோர்டுத் தம்பி ஒலியை முற்றிலும் குறைத்து, காதில் ஹெட்போன் வைத்து எங்கள் கடைசிச் சுரத்தைத் தேடிப் பார்த்திருக்கிறார். "அக்கா, கால் சுரம்தான் இறங்கியிருக்கீங்க" என்றார். மாஸ்டருக்கு இன்னும் சொல்லவில்லையாம். அடுத்த பாட்டு கீர்த்தனை. டோலக்கும் கைத்தட்டலுமாகத் தொடங்கியதில் சபைக்கு எதுவும் தெரியவில்லை. நாளை இரவு முதல் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ். தொண்டைக்குச் சுக்குக் கஷாயம் போட்டு வைத்திருக்கிறேன்.