இடப்பக்கம் மட்டும் திரும்பும் கார்கள்

நீள்வட்டத் தடத்தில் ஒரே திசையில் சுற்றும் ரிமோட் கார் ஓவல் பந்தயம் தேய்ந்ததற்கு ட்ரோன்தான் காரணம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஓவல் காரின் அமைப்பே அதைத் தனிமைப்படுத்தியது. ஓயாமல் இடப்பக்கமே திரும்புவதால் பேட்டரி உட்பட எடையை இடதுபுறம் தள்ளி வைப்பார்கள். வலது டயர்களின் விட்டம் சற்றுப் பெரிதாக இருக்கும். அதே காரை வளைந்து நெளியும் தடத்தில் விட்டால் வலப்பக்கம் திரும்பத் திணறும். ஒரே தடத்துக்கென்று யார் தனிக் கார் வாங்குவார்கள்?

பெங்களூரில் தொடங்குபவர்கள் இருபக்கமும் திரும்பும் தடங்களுக்கான, நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள 1/10 டூரிங் காரே வாங்குங்கள். 17.5 டர்ன் (கம்பிச் சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தாராளம். சாலிடர், கனெக்டருக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு இருக்கிறது. ஓட்டப்போகும் பார்க்கிங் தரையை முதலில் பெருக்குங்கள். டயரில் தூசி படிந்தால் வளைவில் பின்பக்கம் வழுக்கும். இடப்பக்கமாகவே சுற்றி ஓட்டினால் வலது டயர்கள் சீக்கிரம் தேயும், அடிக்கடி அளந்து பாருங்கள். ஓட்டி முடித்ததும் பேட்டரியை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். முழு சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் உப்பக்கூடும்.