இரேனா ஷெவின்ஸ்காவும் 400 மீற்றரும்

எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பெயர் எழுதும்போது, சற்று வேகமாக ஓடக்கூடிய பெண்பிள்ளை ஒருத்தி அகப்பட்டுவிட்டால், 100 மீற்றர், 200 மீற்றர், நீளம் பாய்தல், அஞ்சல் ஓட்டம் ஆகிய நான்கிலும் அவளுடைய பெயரே வந்துவிடும். 400 மீற்றருக்கு மட்டும் ஆள் கிடைக்காது. மட்டக்களப்பில் இது கச்சான் காற்று அடிக்கும் காலம். சென்ற வாரம் பயிற்சி முடிந்து மைதானத்து வேப்பமர நிழலில் எல்லோரும் களைத்துக் கிடந்தபோது, 200 மீற்றர் நன்றாக ஓடும் மாணவி ஒருத்தியிடம் 400 மீற்றருக்கும் பெயர் எழுதட்டுமா என்று கேட்டேன். "அது சாகிற ஓட்டம் ரீச்சர், எனக்கு வேணாம்" என்றாள். அன்று அவளுக்குச் சொல்லத் தொடங்கிய போலந்து வீராங்கனை ஒருவரின் கதையைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

திருமணத்துக்கு முன் இரேனா கிர்ஷென்ஸ்டைன் என்று அழைக்கப்பட்ட ஷெவின்ஸ்கா 1946 மே 24 அன்று அப்போது லெனின்கிராட் என்று அழைக்கப்பட்ட நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை போலந்து நாட்டவர், தாய் உக்ரைனைச் சேர்ந்தவர். குழந்தைக்கு ஒரு வயதாகும்போதே குடும்பம் வார்சோவுக்குக் குடிபெயர்ந்தது. 1964 இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவர் சென்றபோது வயது 18. அங்கே அவர் கலந்துகொண்ட நிகழ்ச்சிகளைப் பார்த்தால் எங்கள் பிள்ளைகளின் பட்டியலேதான்: நீளம் பாய்தல், 200 மீற்றர், 4×100 அஞ்சல். நீளம் பாய்தலில் 6.60 மீற்றர் பாய்ந்து வெள்ளி வென்றார், தங்கம் 6.76 மீற்றர் என்ற புதிய உலக சாதனையுடன் இங்கிலாந்தின் மேரி ராண்டுக்குச் சென்றது. 200 மீற்றரில் அமெரிக்காவின் எடித் மக்குவயருக்கு அடுத்ததாக வந்து இன்னொரு வெள்ளி, அஞ்சல் ஓட்டத்தில் உலக சாதனையோடு தங்கம். பெண்களுக்கான 400 மீற்றர் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதும் அதே டோக்கியோவில்தான். ஆனால் அந்த 18 வயதுப் பெண்ணுக்கு அந்த ஓட்டத்தோடு எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டிலேயே 100 மீற்றரில் 11.1 செக்கன், 200 மீற்றரில் 22.7 செக்கன் என இரண்டு உலக சாதனைகள் அவர் கைக்கு வந்தன. 1966 இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பிய சம்பியன்ஷிப்பில் 200 மீற்றர், நீளம் பாய்தல், அஞ்சல் ஓட்டம் மூன்றிலும் தங்கம். 100 மீற்றரில் மட்டும் தன் நாட்டவரான எவா குவொபுகொவ்ஸ்காவிடம் தோற்றார். டோக்கியோவில் அஞ்சல் கோலைச் சேர்ந்து சுமந்த அதே எவாவை 1967 இல், பெண்தானா என்று பார்க்கும் நிறமூர்த்தப் (குரோமோசோம்) பரிசோதனை ஒன்றின் பேரில் பெண்கள் போட்டிகளிலிருந்து விலக்கி, அவர் பெயரிலிருந்த சாதனைகளையும் அழித்தார்கள். டோக்கியோ அஞ்சல் சாதனையும் அதோடு பட்டியலிலிருந்து போயிற்று. பதக்கம் மட்டும் மிஞ்சியது. ஒரு பெண்ணைப் பகிரங்கமாக அவமானப்படுத்திய அந்த முடிவை இன்று வாசிக்கும்போதும் எனக்குக் கோபமே வருகிறது.

இரேனா அந்த ஆண்டில் யானுஷ் ஷெவின்ஸ்கி என்பவரைத் திருமணம் செய்து ஷெவின்ஸ்கா என்ற பெயரைப் பெற்றார். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக் அவருக்கு ஏற்றமும் இறக்கமுமாகவே அமைந்தது. நீளம் பாய்தலில் இறுதிச் சுற்றுக்கே தகுதிபெறவில்லை, அஞ்சல் ஓட்டத்தில் கோல் கையிலிருந்து நழுவிப் போயிற்று, 100 மீற்றரில் வெண்கலம் கிடைத்தது. ஆனால் 200 மீற்றரில் 22.5 செக்கன் என்ற புதிய உலக சாதனையோடு தங்கம் வென்றார். மெக்சிக்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீற்றர் உயரத்தில் இருப்பதால், காற்றின் அடர்த்தி குறைந்து குறுந்தூர ஓட்டக்காரருக்கு உதவுகிறது. ஆகவே அந்த நேரங்களைச் சற்றுக் கழித்தே பார்க்க வேண்டும் என்று சொல்வோர் உண்டு. அதற்கான பதில் ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது.

1970 இல் அவருக்கு மகன் பிறந்தான். மறு ஆண்டு ஹெல்சின்கியில் நடந்த ஐரோப்பிய சம்பியன்ஷிப்பிலும், 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலும் 200 மீற்றரில் வெண்கலத்தோடு திரும்பினார். கிழக்கு ஜேர்மனியின் ரெனாட்டே ஷ்டெஹர் அப்போது குறுந்தூர ஓட்டத்தை ஆண்டுகொண்டிருந்தார். இரண்டு வெண்கலங்களும் ஒரு குழந்தையும் உள்ள 26 வயதுப் பெண் ஓட்டத்தை விட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஓடிய கடைசி 200 மீற்றர் உயர்தரம் படித்த காலத்தோடு முடிந்தது. அந்நாளில் என் சிறந்த நேரம் கைக்கடிகாரக் கணக்கில் 27.3 செக்கன். திருமணத்துக்குப் பிறகும் ஓட ஆசைப்பட்டபோது, "பிள்ளை பெத்த பிறகு என்ன ஓட்டம்" என்று உறவினர் ஒருவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் அன்று மறுமொழி இருக்கவில்லை. இந்தப் பெண்ணின் கதை எனக்குத் தெரியவந்ததும் வெகு பிந்தித்தான்.

1974 ஆம் ஆண்டைத்தான் அவருடைய வாழ்க்கையின் உச்சமாக நான் கருதுகிறேன். பதக்கங்களை மட்டும் எண்ணுவோர் இதை ஏற்கமாட்டார்கள். அந்த ஆண்டில் ஒலிம்பிக்கே நடக்கவில்லை. ஜூன் 13 அன்று பொட்ஸ்டாமில் 200 மீற்றரை 22.21 செக்கனில் ஓடினார். மெக்சிக்கோ நேரம் கையால் எடுத்தது, இது மின்னணுக் கருவி காட்டியது. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகுதான் மனித விரல் அசையும் என்பதால் கைக்கடிகாரம் ஓடுபவருக்கு எப்போதும் சற்றுச் சலுகை தரும். ஆகவே இவ்விரண்டுக்கும் இடையிலான உண்மையான முன்னேற்றம் எண்களில் தெரிவதைவிடப் பெரியது. உயரமும் உதவாத இடத்தில் அதை ஓடிக் காட்டினார். எங்கள் சுசந்திகா ஜயசிங்க 2000 இல் சிட்னியில் பதக்கம் வென்ற நேரம் 22.28 என்பதை நினைத்தால், அந்தப் பழைய 22.21 எவ்வளவு கனமானது என்று புரியும்.

பொட்ஸ்டாம் ஓட்டத்துக்கு ஒன்பது நாட்கள் கழித்து, ஜூன் 22 அன்று வார்சோவில் 400 மீற்றரை 49.9 செக்கனில் ஓடி, 50 செக்கனுக்குக் கீழே வந்த முதல் பெண்ணானார். 100, 200, 400 மூன்றிலும் உலக சாதனை வைத்திருந்தவர் ஆண்களிலும் பெண்களிலும் அவர் ஒருவரே. அதே ஆண்டு ரோமில் நடந்த ஐரோப்பிய சம்பியன்ஷிப்பில் 100 மீற்றரிலும் 200 மீற்றரிலும் ஷ்டெஹரைத் தோற்கடித்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறுகிய தூரத்தில் இயலாமல் போனதால் நீண்ட தூரத்துக்குப் போனார் என்று சொல்ல அது இடம் வைக்கவில்லை.

400 மீற்றரின் கொடுமை என்னவென்றால், முழு வேகத்தை முழுத்தூரமும் வைத்திருக்க எந்த உடலாலும் முடியாது. ஏறத்தாழ 300 மீற்றரில் தசைகளில் அமிலத்தன்மை ஏறிக் கால்கள் இறுகத் தொடங்கும். அதன் பிறகு யார் குறைவாக வேகம் இழக்கிறார்களோ அவர்களே முந்துவார்கள். எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று 200 மீற்றர்தான் என்பதால், ஓடுகிற பிள்ளை தொடங்கிய கோட்டையே கடந்து இன்னொரு சுற்றுப் போக வேண்டியிருக்கிறது. கால் இறுகுவதற்கு முன்பே அந்தக் கோட்டில் பல பிள்ளைகளின் மனம் தளர்ந்துவிடுவதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

1976 ஜூலை 29, மொன்றியல். ஷெவின்ஸ்காவுக்கு வயது 30. போட்டியின் முக்கிய எதிரியான கிழக்கு ஜேர்மனியின் கிறிஸ்டினா பிரேமர் பதின்ம வயதைத் தாண்டாதவர். 400 மீற்றர் இறுதியோட்டத்தில் ஷெவின்ஸ்கா 49.28 செக்கனில் முடித்தார். அதுவும் உலக சாதனை. இரண்டாவதாக வந்த பிரேமரின் நேரம் 50.51. அந்த 1.23 செக்கன் இடைவெளி மைதானத்தில் ஏறக்குறைய பத்து மீற்றர். ஒலிம்பிக் இறுதியோட்டம் ஒன்றில் வெற்றி பெற்றவர் கோட்டைக் கடந்தபோது அடுத்தவர் பத்து மீற்றர் பின்னால் இருந்தார் என்றால், கடைசி நேர்கோட்டில் எல்லோருக்கும் கால் இறுகியபோது இவர் மட்டும் வேகத்தைக் காத்துக்கொண்டார் என்றே அர்த்தம். 49.28 ஐ இரண்டாகப் பிரித்தால் 24.64 செக்கனில் ஒரு 200 மீற்றர், நிற்காமல் உடனே அதே நேரத்தில் இன்னொரு 200 மீற்றர். தனியாக ஓடிய என் 200 மீற்றரின் நேரத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு 1977 இல் டுசல்டோர்ஃபில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் கிழக்கு ஜேர்மனியின் இளம் வீராங்கனை மரிட்டா கோஹை 400 மீற்றரில் வென்றார். ஆனால் 1978 இல் பிராக்கில் நடந்த ஐரோப்பிய சம்பியன்ஷிப்பில் கோஹ் 48.94 செக்கனில் ஓடித் தங்கம் பெற, இவருக்கு வெண்கலமே கிடைத்தது. 1980 மொஸ்கோ அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக். 34 வயதில் அரையிறுதியில் காயத்தோடு ஓடி வெளியேறினார். மொத்தம் ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள், அவற்றில் மூன்று தங்கம். பிற்காலத்தில் போலந்து மெய்வல்லுநர் சங்கத்தின் தலைவராகவும், 1998 முதல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினராகவும் இருந்து, 2018 ஜூன் 29 அன்று வார்சோவில் புற்றுநோயால் காலமானார்.

வேப்பமரத்தடியில் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. மொன்றியல் வரை வந்தபோதே பொழுது சாய்ந்துவிட்டது. சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த மாணவி பதக்கங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அவவுக்கும் கடைசியில கால் இறுகினதா ரீச்சர்?"

"இறுகாமல் இருக்காது மகள்."

சற்று யோசித்தவள், பெயரை எழுதச் சொல்லாமலே, எங்கள் மைதானத்தில் 400 மீற்றருக்கு எந்தக் கோட்டில் தொடங்க வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.