கூரை உள்ள தண்ணீர்

பெரியம்மாவின் மகன் கனடாவில் இருந்து வந்து, முல்லைத்தீவு அளம்பிலில் எங்கள் வீட்டில் பத்து நாள் நின்றார். நான் கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுகிறவன். அண்ணாவும் சுழியோடிதான், ஆனால் கடலில் இல்லை. மெக்சிக்கோவின் யுகட்டான் பக்கம், நிலத்துக்கு அடியில் தண்ணீர் நிறைந்து கிடக்கும் குகைகளுக்குள் போய்ப் படம் பிடிக்கிற குழு ஒன்றில் லைட் பிடிக்கிறார்.

முதல் இரவே விறாந்தையில் லாப்டொப்பைத் திறந்து காட்டினார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தா.

"உதுக்குள்ள என்னத்தை எடுக்கப் போறியள்?"

"படம்தான் சித்தி."

"அட்டை, சங்கு ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை."

அம்மா தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டா.

நான் விடியும் வரை பார்த்தேன். கூரையெங்கும் சுண்ணாம்பு விழுதுகள். அவை தண்ணீருக்குள் வளர்ந்தவை அல்ல, காற்றில் சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை. பனியுகத்தில் கடல் 120 மீற்றர் அளவு கீழே இருந்தபோது அந்தக் குகைகள் காய்ந்து கிடந்தன. (அப்போது மன்னாரில் இருந்து இந்தியாவுக்கு நடந்தே போயிருக்கலாம். நாங்கள் பிந்திப் பிறந்துவிட்டோம்.) 2007இல் ஓயோ நெக்ரோ என்ற குழியில், 12,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய ஒரு பெண்பிள்ளையின் எலும்புக்கூட்டைச் சுழியோடிகள்தான் கண்டெடுத்தார்கள். ஓரிடத்தில் படம் சீனிப்பாணி கரைத்தது போல மங்கியது. கமரா பிழை என்று நினைத்தேன். இல்லை, நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் முட்டுகிற இடமாம். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றிலும் மேலே நல்ல தண்ணீர், கீழே உவர். அதுவும் சுண்ணாம்புக்கல்தான்.

கமராக்காரனுக்குப் பக்கத்தில் லைட் பிடித்தால் குகை சுவர் போலத் தட்டையாகத் தெரியும். அதனால் அண்ணா தூரப் போய், பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பிடிப்பார். ஒரு காலடி பிழைத்தால் தரையின் சேறு கிளம்பி எல்லாம் பால்தேத்தண்ணி ஆகிவிடும். விடுகிற மூச்சுக் குமிழியே கூரைத் தூசியைக் கொட்ட வைக்கும். அதற்காகக் குமிழி விடாத கருவி போடுகிறார்கள். விட்ட மூச்சில் இருக்கும் காபனீரொட்சைட்டைச் சுண்ணாம்புத் தூள் உறிஞ்ச, தேவையான ஒட்சிசனைச் சேர்த்து அதே காற்றைத் திரும்பவும் மூச்சு எடுக்கிறார்கள். (எங்கள் சிலிண்டரையும் எல்லோரும் ஒட்சிசன் சிலிண்டர் என்றுதான் சொல்கிறோம். உள்ளே இருப்பது வெறும் காற்று. தனி ஒட்சிசனை நாங்கள் போகும் ஆழத்தில் இழுத்தால் வலிப்பு வந்து செத்துப்போவோம்.)

அப்புறம் என் கதையைக் கேட்டார். போன வருசம் பத்துப் பாக ஆழத்தில் (பதினெட்டு மீற்றர்) காற்று முடிந்து, ஒரே மூச்சில் மேலே வந்தேன். இரண்டு நாள் இடது கால் மரத்துக் கிடந்தது. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எவ்வளவு காத்து இருக்கெண்டு பாக்கிறேல்லையோடா?"

"மீற்றர் இல்லை அண்ணா. இழுக்க இறுகினால் மேல வாறதுதான்."

"நாங்கள் மேல வந்தால் கூரை."

காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மிச்சம் ஒரு பங்கு தொடுவதில்லை. அதுதான் அவர்களின் கணக்கு. வாசலில் இருந்து நூல் அறாமல் கட்டிக்கொண்டே போக வேண்டும். குகைகளில் செத்தவர்கள் எங்கே பிழைவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து இந்த விதிகளை ஒழுங்குபடுத்தியவர் ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கர். அவரும் 1994இல் மெக்சிக்கோவில் ஆழமான ஒரு குழிக்குள் போய்த் திரும்பவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அண்ணா வளவுக்குள் குகை கட்டினார். நைலோன் நூலைக் கிணற்றுக்கட்டில் முடிந்து, முருங்கை, ஆட்டுக்கொட்டில் கப்பு, தென்னை என்று சுற்றி இழுத்தார். நூல் பிரிகிற இடங்களில், வாசலுக்குப் போகும் கிளையில் அம்மாவின் உடுப்புக் கிளிப்பைக் கொழுவினார். குகைக்குள் அதற்கு பிளாஸ்டிக் அம்புக்குறியாம், இருட்டிலும் தடவினால் கூர் எந்தப் பக்கம் என்று தெரியும். என் கண்ணைச் சாரத்தால் கட்டி, கடைசித் தென்னையில் விட்டு, "கிணத்தடிக்கு வா" என்றார்.

இருபது வருசமாக நான் நடக்கிற வளவு. ஆட்டுக்கொட்டிலடியில் கடா ஒன்று இடிக்க, நூல் கையை விட்டுப் போனது. இரண்டடி எட்டி வைத்தேன், அவ்வளவுதான். கிணறு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னன்கள் வேலியில் நின்று சிரிக்கிற சத்தம் நாலு பக்கமும் கேட்டது. சாரத்தை அவிழ்த்துப் பார்த்தால் வேலிக்கு முகம் காட்டி நிற்கிறேன், நூல் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில்.

"இப்ப நீ செத்திட்டாய்," என்றார் அண்ணா. "திரும்பப் போ."

ஆறாம் தரம்தான் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தேன்.

போகும்போது காற்று மீற்றர் ஒன்றை விட்டுவிட்டுப் போனார். முள் 200இல் நிற்க இறங்கினால் 70இல் ஏறத் தொடங்குகிறேன். மேலே பிடிக்க நூல் ஒன்றும் இல்லை, அதனால் ஏறும்போது என் குமிழிகளை முந்துவதில்லை. ஐந்து மீற்றர் ஆழத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன். நாளுக்குப் பத்துப் பதினைந்து அட்டை குறைகிறது என்று போட்காரர் முணுமுணுக்கிறார். குறையத்தான் செய்கிறது.

உடுப்புக் கிளிப்பில் நாலைக் காணவில்லை என்று அம்மா இன்னும் என்னைத்தான் பேசுகிறா. அண்ணாவின் சூட்கேசோடு கனடா போயிருக்கும்.