காரைக்குடியிலிருந்து தீம் பார்க்: எந்த ரைடு முதலில்?

காரைக்குடியிலிருந்து பரவையிலுள்ள ‘அதிசயம்’ தீம் பார்க்குக்குப் போவதென்றால் திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரையையும் தாண்ட வேண்டும். கேட் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே கிளம்புங்கள். கூட்டம் சேராத முதல் மணி நேரம்தான் காசு.

வரிசையின் நீளம் ஏமாற்றும். ஒரு சுற்றுக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். உதாரணத்துக்கு, முன்னால் 80 பேர். கொலம்பஸ் என்கிற ஊஞ்சல் கப்பலில் 40 இடம், ஏற்றி இறக்குவதையும் சேர்த்து 6 நிமிடம் என்றால் 12 நிமிடத்தில் உங்கள் முறை. அதே 80 பேர், சுற்றுக்கு அதே 6 நிமிடம் எடுக்கும் 16 இருக்கை ரோலர் கோஸ்டர் முன் நின்றால் 30 நிமிடம். ஆகவே இருக்கை குறைந்தது முதலில். ஜயன்ட் வீலும் மெதுவாகத்தான் நகரும். ஒவ்வொரு கூண்டாக நிறுத்தி ஏற்ற வேண்டுமே!

சுழலும் ரைடுகள் சாப்பாட்டுக்கு முன். காலையில் பணியாரம் நாலோடு நிறுத்துங்கள், காரச் சட்னி மேலே வரும்.

பிள்ளைகள் இருந்தால் உயரக் கோலில் அளந்துவிட்டே வரிசையில் நில்லுங்கள்; பாதி அழுகை மிச்சம்.

தண்ணீர் ரைடுகள் மதியத்துக்கு மேல். நைலான் உடுப்பு வேண்டும். பருத்தி நீர் குடித்துக் கனக்கும், ஜிப் சறுக்கைக் கீறும். அலைக்குளத்துக்கு வரிசையே கிடையாது, கடைசியில் போதும். ஐப்பசியில் மட்டும் உயரமான ரைடுகளை மதியத்துக்குள் முடியுங்கள். இடி இடித்தால் நிறுத்திவிடுவார்கள்.