பழைய ஆக்டேவியா ஆர்எஸ்: ஆயில் கூலர் சீல் மாற்றிய அனுபவம்

ஆயில் ஒழுகும் வண்டியைக் கொண்டுபோனால், ஆயிலின் சூட்டைக் குறைக்கிற ஆயில் கூலரின் சீலை யாரும் முதலில் சொல்வதில்லை. ரியர் மெயின் சீல் (கிராங்க் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளிவருகிற இடத்தின் சீல்) என்பார்கள், சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டி) பேக்கிங் என்பார்கள். என் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கும் ஒரு பட்டறையில் ரியர் மெயின் சீல் என்றுதான் சொன்னார்கள். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கிய கையோடு கிளட்ச்சையும் மாற்றிவிடலாம் என்று பேச்சு வளர்ந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த வண்டி இந்தியாவுக்கு வந்தது 2004-ல். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 20 வால்வு, 150 குதிரைத்திறன். மதுரையில் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கி ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உச்சிப்புளியைத் தாண்டினால் ரோட்டின் இரண்டு பக்கமும் கடல் நெருங்கிவிடும், உப்புக்காற்று எந்த வண்டியையும் விடாது. என்றாலும் மூன்றாவது கியரில் டர்போ இழுக்கும்போது வருகிற சந்தோஷத்துக்காக இதை இன்னும் பல வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒழுகல் விசித்திரமாக இருந்தது. இரவு நிறுத்தினால் காலையில் தரையில் ஓரிரு சொட்டுத்தான் இருக்கும். ஆனால் மதுரை போய் வந்தால் ஆயில் பார்க்கிற குச்சியான டிப்ஸ்டிக்கில் அளவு நன்றாகவே இறங்கியிருக்கும். வெள்ளைப் புகை, நீலப் புகை எதுவும் இல்லை. கியர்பாக்ஸ் சேருகிற மூலையில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு கட்டியாக இருந்தது. பட்டறைக்காரர் அதை வைத்துத்தான் சொன்னார்.

மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாளில்தான் படகுகளை ஏற்றி வைத்து இன்ஜின் வேலை முழுவதும் நடக்கும். தடை முடிந்து படகுகள் இறங்கிய பிறகு ஒரு சாயங்காலம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். குனிந்து பார்த்தவர் சொன்னார்: “தம்பி, ஆயிலு மேல இருந்துதான் கீழ வரும். ஒழுகுன எடத்தப் பாக்காத, ஆரம்பிச்ச எடத்தத் தேடு. மொதல்ல கழுவு.”

டீசலும் பிரஷ்ஷும் வைத்து இன்ஜின் அடிப்பக்கம் முழுவதையும் கழுவித் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவினோம். இன்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டுக் கீழே டார்ச் அடித்தபோது ரியர் மெயின் சீல் பக்கம் பவுடர் காய்ந்தபடியே இருந்தது. முன்பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஆயில் கூலரின் விளிம்பில்தான் ஈரக்கோடு. அங்கிருந்து ஃபில்டர் வழியாக இறங்கி, சம்ப் விளிம்போடு ஓடி, வண்டி போகும்போது அடிக்கிற காற்றில் பின்னால் தள்ளப்பட்டுப் பரவியிருக்கிறது.

நிறுத்தினால் ஏன் ஒழுகவில்லை என்பதும் அப்போது புரிந்தது. ஆயில் பம்ப் தள்ளுகிற அழுத்தம் அந்த இடத்தின் வழியாகத்தான் போகிறது. இன்ஜின் ஓடும்வரை ஒழுகும், நின்றால் அழுத்தம் இறங்கிவிடும், ஒழுகலும் நின்றுவிடும். அதே காரணத்தால் இது ஆபத்தான ஒழுகல். சீல் முழுவதும் பிய்ந்தால் சம்பில் உள்ள ஆயில் ரோட்டிலேயே கொட்டிவிடும். டர்போவின் பேரிங் அந்த ஆயிலை நம்பித்தான் சுழல்கிறது.

கூலரின் அமைப்பு எளிமையானது. அடுக்கடுக்கான தகடுகள், ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கூலண்ட், அதாவது ரேடியேட்டரில் ஓடுகிற குளிர்விக்கும் திரவம். கூலண்டுக்கு இரண்டு ஹோஸ் வருகிறது. ஃபில்டர் பிராக்கெட்டில் இருந்து வருகிற ஸ்டட்டில் கூலரைச் செருகி ஒரு பெரிய நட் போட்டிருப்பார்கள், அதற்குக் கீழே ஃபில்டர். கூலருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு ஓ-ரிங், அதாவது வட்ட ரப்பர் வளையம்; கூலர் சீல் என்று நான் சொல்வது இதைத்தான். இந்த ஓ-ரிங் போனால் ஆயில் வெளியே வரும். தகடு ஓட்டையானால் ஆயிலும் கூலண்டும் உள்ளேயே கலக்கும், கூலண்ட் டப்பாவில் பால் காப்பி நிறத்தில் கூழ் மிதக்கும். அப்படிப் பார்த்தவுடன் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று ஹெட்டைக் கழற்றுகிறவர்கள் உண்டு. ஹெட்டில் கை வைக்கும் முன் கூலரைச் சோதிக்கச் சொல்லுங்கள். எனக்குக் கலப்பு இல்லை, வெளி ஒழுகல் மட்டும்தான்.

ஓ-ரிங் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். படகு சாமான் கடைகளில் எல்லா அளவிலும் ஓ-ரிங் கிடைக்கும், விலையும் கொஞ்சம்தான். ஆனால் விட்டமும் தடிமனும் சரியாக இருந்தாலும் என்ன ரப்பர் என்று பார்க்க வேண்டும். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரிக்கு மேல் நாள்பட வேலை செய்தால் இறுகிவிடும். டர்போ இன்ஜினில் ஆயில் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். விட்டான் என்கிற ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். நான் பார்ட் நம்பர் கொடுத்து மதுரையிலிருந்து சரியான சீலையே வரவழைத்தேன்.

கழற்றும் வேலையில் நேரம் தின்றது துருதான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அடித்தட்டைக் கழற்றப் பார்த்தால் திருகுகள் உப்பில் பூத்துப்போயிருந்தன. முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தும் சிலவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஹோஸ் கிளிப்புகளும் அதே நிலை. ஆயிலையும் கூலண்டையும் இறக்கிய பிறகு ஃபில்டர், நட், கூலர் என்று வரிசையாகக் கீழே வந்துவிடும். கழற்றும் முன் கூலர் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோணம் மாறினால் ஹோஸ் பக்கத்துச் சாமான்களில் உரசும்.

வெளியே வந்த ஓ-ரிங் அப்பளம் மாதிரி தட்டையாகி, வளைத்ததும் ஒடிந்தது. பிராக்கெட்டின் முகத்தில் வெள்ளைப் பொடி. அலுமினியத்தை உப்பு தின்றிருக்கிறது. புது சீல் போடுகிறவர்கள் பலர் இந்த முகத்தைக் கவனிப்பதில்லை. சீல் உட்காருகிற வட்டத்தில் ஒரு சின்னக் குழி இருந்தாலும் புது சீலும் ஒழுகும். ஆயில் துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்தேன். எமரி பேப்பர் வேண்டாம். அந்தத் துகள் உள்ளே போனால் பேரிங்குக்குப் போகும். அதிர்ஷ்டவசமாகக் குழிகள் வட்டத்துக்கு வெளியேதான் இருந்தன.

கையில் இருக்கும்போதே கூலரையும் சோதித்துவிடலாம் என்றார் அண்ணன். படகு கூலர்களுக்குச் செய்கிற அதே முறைதான். ஒரு கூலண்ட் வாயை அடைத்து, இன்னொன்றில் இரண்டு பார் அளவுக்குக் காற்று கொடுத்து, வாளித் தண்ணீரில் முக்குவது. “சுடு தண்ணில முக்கு, ஓட்ட சூட்டுலதான் வாயத் தொறக்கும்” என்றார். ஒரு குமிழிகூட வரவில்லை. பழைய கூலரையே திரும்பப் போட்டேன்.

புது ஓ-ரிங்கில் சுத்தமான ஆயிலைத் தடவி, பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார வைத்து, கூலரை நேராக ஏற்றினேன். அந்த நட் பெரிதாக இருப்பதால் பலமாக இறுக்கத் தோன்றும். கூடாது. கம்பெனி சொல்கிற அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் வைத்து நிறுத்திவிட வேண்டும். ஹோஸ்களில் ஒன்று ஆயிலில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தது. கூலண்ட் ஹோஸ் ரப்பருக்கு ஆயில் ஆகாது. அதையும் கிளிப்புகளையும் புதிதாகப் போட்டேன்.

கூலண்ட் நிரப்பும் இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். இந்தக் கரையில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்க்கிற மாவட்டம் இது. அந்த உப்பு அலுமினிய ரேடியேட்டரையும் கூலர் தகட்டையும் உள்ளிருந்தே அரிக்கும். நான் கலந்தது பாதி ஜி12 கூலண்ட், பாதி பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். பச்சை கூலண்டையும் ஜி12-ஐயும் கலந்தால் பழுப்புச் சகதி கட்டும், அதைப் பார்த்து ஆயில் கலந்துவிட்டது என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். விரலில் தேய்த்துப் பாருங்கள், வழவழப்பு இருந்தால்தான் ஆயில்.

புது ஃபில்டர், ஃபோக்ஸ்வேகன் 502 00 தரமுள்ள 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயில். உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடித்தேன். டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஃபியூஸைப் போட்டேன். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை ஓடவிட்டு, மறுபடி பவுடர். கூலர் விளிம்பு காய்ந்தே இருந்தது. அடுத்த மதுரைப் பயணம் முடிந்தும் டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கவில்லை.

இறக்கிய ஆயிலைக் கேனில் அடைத்துப் பழைய ஆயில் எடுக்கிறவரிடம் கொடுத்தேன். மணலில்தானே என்று ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மண்டபத்துக் கரைக்கு எதிரே இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986-ல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையும் கடற்புல்லும் இருக்கிற கடல். மழை பெய்தால் மணலில் ஊற்றியது அங்கேதான் போகும்.

இதே வண்டி வைத்திருப்பவர்கள் வேலைக்கு முன்பே கூலர் ஓ-ரிங், ஃபில்டர், சம்ப் போல்ட், இரண்டு ஹோஸ், நான்கு கிளிப், ஆயில், கூலண்ட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்ப் அலுமினியம், போல்ட்டைக் கையாலேயே முதல் சில சுற்று ஏற்றுங்கள். ஃபில்டர் பிராக்கெட் இன்ஜினில் சேருகிற இடத்தில் இன்னொரு கேஸ்கெட் இருக்கிறது. பவுடர் அங்கே ஈரமானால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.