தாத்தாவின் பச்சைப் பூச்சி

பொங்கலுக்கு ரங்கூன் வீட்டை ஒழிக்கும்போது பரண்மேல் தாத்தாவின் கண்ணாடிச் சட்டம் ஒன்று கிடைத்தது. வடபர்மாவில் மிச்சினா ஊரில் கடை வைத்திருந்த காலத்தில் யாரோ கொடுத்ததாம். உள்ளே ஒரு வண்ணத்துப்பூச்சி. கைசர்-இ-ஹிந்த் என்கிற இனம்!

பின்பலகை செல்லரித்திருந்தது. மெதுவாகத் திறந்தும் விரல் பட்டுவிட்டது. நுனியில் பச்சைப் பொடி, விபூதி மாதிரி ஒட்டிக்கொண்டது. நிறம் எல்லாம் அந்தச் செதில்களில்தான். பின்சிறகில் மஞ்சள் திட்டு, பக்கத்துக்கு ஒரே நீண்ட வால். அப்படியானால் ஆண். பெண் இன்னும் பெரிது, வாலும் கூடுதல்.

நேபாளம், பூட்டான், அருணாசலம், நம்ம வடபர்மா மலைக்காடு, இதெல்லாம் இதன் ஊர். பெரும்பாலும் 6,000 அடிக்கு மேலே. காலை வெயிலில் ஆண் மலையுச்சி மரநுனியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஆண் வந்தால் துரத்தும். எங்கள் தெரு நாய்க்கு அண்ணன்! புழு சண்பக இனத்து மர இலையைத் தின்னும். 2021-இல் அருணாசலப் பிரதேசம் இதை மாநில வண்ணத்துப்பூச்சி ஆக்கியது.

பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அக்கா எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். அவர்கள் மொழியில் வண்ணத்துப்பூச்சிக்கும் உயிருக்கும் ‘லெய்ப்யா’ என்று ஒரே சொல். “தூங்கும்போது உலாவப் போற உயிரைப் போய் ஊசி குத்தி வச்சிருக்கீங்களே” என்றார். அவ்வளவுதான், அம்மா ஹாலில் மாட்டவே கூடாது என்றுவிட்டாள்.

இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அப்புறம், ஒரு வால் ஒடிந்துவிட்டது. எந்தப் பசை போடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.