பழைய ஸ்கூபா செட்: எது தேறும், எது தேறாது

கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் பழைய ஸ்கூபா செட்டில் வேலை மேஜைக்கு வந்த பொருட்கள்: 80 கன அடி அலுமினிய சிலிண்டர் ஒன்று, பிஸ்டன் வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜுடன் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தருவது; சிலிண்டரில் மாட்டும் பகுதி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், வாயில் வைக்கும் பகுதி செகண்ட் ஸ்டேஜ்), பிரஷர் கேஜ், மூன்று ஹோஸ், காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் பி.சி.டி. ஜாக்கெட், ரப்பர் முகமூடி, துடுப்புகள், நாலைந்து ஈயக்கட்டிகள். பெயின்ட் கூட உரியாமல் பளபளவென்று இருந்தது சிலிண்டர்தான். பச்சைப் பாசி பிடித்ததுபோல் கிடந்தது ரெகுலேட்டர். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதியிருந்தால் இரண்டுமே தப்பாகியிருக்கும்.

முதல் வேலை சிலிண்டர். அதில் காற்று மிச்சம் இருக்கிறதா என்று தெரியாமல் வேறு எதையும் தொடக்கூடாது. வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்து, சன்னமான சீறல் சத்தத்தோடு காற்றைப் போகவிட வேண்டும். அவசரப்பட்டு முழுக்கத் திறந்தால் உலோகம் சில்லிட்டு வெளியே வியர்க்கும், உள்ளேயும் ஈரம் படியும். அந்தக் காற்றைச் சுவாசித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். இரும்பு சிலிண்டரில் துளி ஈரம் இருந்தாலே துரு உள்ளிருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். கேஜில் அழுத்தம் சரியாகத்தான் காட்டும், ஆனால் உள்ளே இருப்பது உயிர் தாங்கும் காற்றாக இருக்காது.

அடுத்து தோள்பட்டையில் உள்ள முத்திரை. அமெரிக்க சிலிண்டரில் 'டி.ஓ.டி. 3ஏஎல்3000' என்று இருந்தால் அலுமினியம், வேலை அழுத்தம் 3000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). '3ஏஏ' என்றால் இரும்பு. பக்கத்தில் மாதமும் வருடமும், நடுவில் சோதனைக்காரரின் குறி. முதல் தேதி பிறந்த தேதி, மற்றவை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் அழுத்தத்தில் சிலிண்டரின் பலத்தைப் பார்க்கும் சோதனை நடந்த தேதிகள். இந்த சிலிண்டர் லக்ஸ்ஃபர் செய்தது, பிறந்த வருடம் 1984. கதை அங்கேயே முடிந்துவிட்டது.

காரணம் 6351 என்ற அலுமினியக் கலவை. லக்ஸ்ஃபர் நிறுவனத்தின் அமெரிக்கத் தொழிற்சாலை 1988-ன் நடுப்பகுதி வரை இதில்தான் சிலிண்டர் செய்தது, பிறகு 6061-க்கு மாறியது. 6351 கழுத்தில், மரை இருக்கும் இடத்தில், மெல்ல விரிசல் விடும். எத்தனை முறை கடலுக்குள் போனது என்பது இங்கே கணக்கில்லை. அழுத்தம் ஏற்றி மூலையில் சும்மா நிறுத்தி வைத்தாலே விரிசல் வளரும். கலவையின் பெயர் முத்திரையில் இருக்காது என்பதால் தயாரிப்பாளரும் வருடமும்தான் துப்பு. கேடலினா நிறுவனம் இந்தக் கலவையைப் பயன்படுத்தவே இல்லை, ஆகவே கேடலினா சிலிண்டருக்கு இந்தப் பயம் கிடையாது.

வால்வைக் கழற்றி, சிறு விளக்கும் பல் டாக்டர் கண்ணாடியும் வைத்து மரையைப் பார்த்தால், செங்குத்தாக ஒரு கோடு தெரியலாம். மரை வெட்டும் கருவி நின்ற இடத்தின் தழும்பும் அப்படித்தான் தெரியும், புதிய கண்ணை அது ஏமாற்றும். எடி கரன்ட் சோதனை (மின்காந்தத்தால் விரிசல் தேடுவது) இரண்டையும் பிரித்துச் சொல்லும். அமெரிக்க விதிப்படி 5 வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்டோடு இந்தச் சோதனையும் நடந்தால் சட்டப்படி ஓட்டலாம். ஆனால் காற்று நிரப்பும் இடங்களில் பல, வருடத்தைப் பார்த்ததுமே கையை விரித்துவிடும். நிரப்ப ஆளில்லாத சிலிண்டருக்கு டெஸ்ட் செலவு வீண். கழிவு.

இரும்பு சிலிண்டராக இருந்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கலாம். உள்ளே செந்தூளாக மேல்துரு மட்டும் என்றால் சுத்தம் செய்துவிடலாம். குழி விழுந்திருந்தால்தான் கவலை. ஹைட்ரோ டெஸ்டில் வேலை அழுத்தத்தின் மூன்றில் ஐந்து பங்கு ஏற்றுவார்கள், அதாவது 3000-க்கு 5000. அழுத்தத்தை இறக்கிய பிறகும் திரும்பாமல் நிற்கும் விரிவு, மொத்த விரிவில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 1960-களின் இரும்பு சிலிண்டர்கள் இதை இன்றும் தாண்டி வருகின்றன.

வால்வை எடுத்து வைத்துக்கொள்வதில் ஒரு ஆபத்து உண்டு. எம்25 மரை வால்வு, அதைவிடச் சற்றே அகலமான, 'முக்கால் இஞ்ச்' என்று பெயர் கொண்ட கழுத்துக்குள்ளும் தளர்வாக ஏறி உட்கார்ந்துவிடும். பிடித்ததுபோலவே இருக்கும், நிரப்பும்போது தோட்டாவாகக் கிளம்பும். மரை அளவைச் சீட்டில் எழுதி வால்வோடு கட்டிவைப்பது நல்லது.

இனி ரெகுலேட்டர். இதைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரே கேள்வி: இந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் (மாற்ற வேண்டிய சிறு பாகங்களின் தொகுப்பு) இன்னும் கிடைக்கிறதா? கிட் கையில் வராமல் பிரித்தால் டப்பா நிறைய பாகங்கள்தான் மிஞ்சும்.

பிரிக்காமலே பார்க்க வேண்டியது, காற்று நுழையும் வாயில் உள்ள ஃபில்டர். பச்சை என்றால் உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு, இரும்பு சிலிண்டரின் துரு. வெள்ளைத்தூள், அலுமினிய ஆக்ஸைடு. கறுப்பு, கம்ப்ரஸரின் கரி. இதில் பச்சை, ஆனால் ஓரத்தில் மட்டும்.

அதன்பிறகு காற்று வாயைத் தூசி மூடியால் இறுக்கி மூடிவிட்டு மவுத்பீஸில் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். கொஞ்சம்கூட வரக்கூடாது. வந்தது. செகண்ட் ஸ்டேஜில் உள்ள மெல்லிய ரப்பர் தகடான டயாஃப்ரத்தை விளக்குக்கு நேரே பிடித்து லேசாக இழுத்தால் ஓரத்தில் ஊசிமுனை ஓட்டை.

மூன்றாவது, இடை அழுத்தம், அதாவது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைத்துத் தரும் அழுத்தம். தேதி செல்லும் வேறொரு சிலிண்டரில் மாட்டி, பி.சி.டி. ஹோஸ் முனையில் கேஜ் வைக்க வேண்டும். செகண்ட் ஸ்டேஜைக் கழற்றக்கூடாது, அழுத்தம் எகிறினால் அது வழியாகத்தான் வெளியேறும். பொதுவாக 125-லிருந்து 145 பி.எஸ்.ஐ.க்குள் போய் அசையாமல் நிற்க வேண்டும். இங்கே முள் 138-ல் நின்று, பிறகு ஊர்ந்து 5 நிமிடத்தில் 160-ஐத் தொட்டது. முள் ஊர்ந்தால் ஹெச்.பி. (உயர் அழுத்த) சீட், அதாவது பிஸ்டன் வந்து அடைக்கும் பகுதி, தேய்ந்துவிட்டது, இல்லையென்றால் பிஸ்டனின் கூர்விளிம்பு அடிபட்டிருக்கிறது. சீட் கிட்டிலேயே வரும். விளிம்பைப் பத்து மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும், அதில் வடு இருந்தால் எத்தனை சீட் மாற்றினாலும் ஊரும். இதில் வடு இல்லை.

ஓ-ரிங்குகளை (ரப்பர் வளையங்களை) பித்தளை அல்லது பிளாஸ்டிக் கொக்கியால்தான் எடுக்க வேண்டும். எஃகு ஊசி பள்ளத்தில் கீறினால் அந்தக் கீறல் வழியாகவே காற்று கசியும். உலோக பாகங்களுக்கு அல்ட்ராசோனிக் குளியல்: வெதுவெதுப்பான தண்ணீரும் வெள்ளை வினிகரும் சரிபாதி, 10 நிமிடம், தேவையென்றால் இன்னொரு 5. இரவு முழுக்க ஊறப்போட்டால் குரோம் உரியும், பித்தளை இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் துத்தநாகம் கரைந்துபோனதற்கு அடையாளம். பிறகு சோடா உப்பு கலந்த தண்ணீர், கடைசியில் நல்ல தண்ணீர், உலர்த்தல். எல்.பி. (குறைந்த அழுத்த) போர்ட்டுக்கு, அதாவது ஹோஸ் மாட்டும் துளைக்கு, 011 அளவு ஓ-ரிங், ஹெச்.பி.க்கு 012, கேஜைச் சுழலவிடும் சிறு குழாயான ஸ்பூலுக்கு 003 இரண்டு. மிகப் பழைய மாடல்களில் ஹெச்.பி., எல்.பி. இரண்டு போர்ட்டும் ஒரே மரை அளவில் இருக்கும். எல்.பி. ஹோஸைத் தவறுதலாக ஹெச்.பி.யில் மாட்டினால் வெடித்துவிடும்.

புது சீட், புது டயாஃப்ரம் போட்ட பிறகு முள் 137-ல் நின்றது. செகண்ட் ஸ்டேஜுக்கு ஒரு பாத்திரத் தண்ணீர் போதும். மவுத்பீஸ் மேலே பார்க்க மெல்ல இறக்கினால், டயாஃப்ரம் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டரையிலிருந்து நாலு சென்டிமீட்டர் கீழே போகும்போது சீற வேண்டும். அதற்கு முன்பே சீறினால் கடலில் காற்று தானாக ஓடும். தாமதித்தால் இழுத்து மூச்சுவிட வேண்டியிருக்கும். இது மூன்று சென்டிமீட்டரில் சீறியது.

ஹோஸ்கள் மூன்றும் குப்பை. உறையை நகர்த்திப் பார்த்தால் உலோக முனையை ஒட்டி ரப்பர் வெடித்திருந்தது. வயதான ஹோஸ் எல்லாம் அந்த இடத்தில்தான் போகும், உறை அதை மறைத்துவிடும்.

பி.சி.டி.யை வாயால் ஊதி இறுக்கி ஒரு ராத்திரி விட்டதில் பாதி தளர்ந்தது. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வந்தது காற்றை வெளியேற்றும் கீழ் டம்ப் வால்வில், அதன் சீட்டில் மணல். கழுவியதும் நின்றது. காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டரின் பொத்தான் மட்டும் அழுத்திவிட்டால் தயங்கித் தயங்கி மீள்கிறது. தண்ணீருக்குள் அது மாட்டிக்கொண்டால் ஜாக்கெட் ஊதி ஆளை மேலே தூக்கிவிடும். கழுவி மழுப்பும் பாகம் அல்ல, முழு இன்ஃப்ளேட்டரையும் மாற்ற வேண்டும்.

முகமூடி ரப்பர் விரலில் கறுப்பு ஒட்டுகிறது, போகட்டும். ஈயம் அப்படியே இருக்கும். துடுப்புக்கு வார் மாற்றினால் சரி. இதே பையில் இரட்டை ஹோஸ் ரெகுலேட்டர் ஏதாவது கிடைத்திருந்தால், அது பிரான்ஸின் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் 1943-ல் செய்து காட்டிய வடிவத்தின் வாரிசு. உடைந்திருந்தாலும் சேகரிப்பவர்கள் தேடி வாங்குவார்கள், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கக்கூடாது.

சிலிண்டரை அப்படியே பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டால், யாராவது வால்வு மாட்டி மறுபடி நிரப்பப் பார்ப்பார்கள். காலி என்று உறுதி செய்து, வால்வை எடுத்துவிட்டு, பக்கச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு, கழுத்து மரையையும் சிதைத்துவிட வேண்டும். வால்வு கையால் அசையாமல் அடம்பிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள்: துளை அடைத்து உள்ளே அழுத்தம் மாட்டியிருக்கலாம். இந்த சிலிண்டரில் வால்வு சுலபமாக வந்தது. அடிப்பாகத்தை அறுத்தெடுத்துவிட்டு மேல்பாதியைத் தொங்கவிட்டால் நல்ல மணி ஆகும், அலுமினியத்தின் நாதம் நீளமானது. அறுக்கும் வேலையும், புது ஹோஸ்கள் வந்ததும் ரெகுலேட்டரை நாலு மீட்டர் ஆழத்தில் சோதிப்பதும் பாக்கி.